அடுத்து எந்த நாவல்?

கேள்வி இது: "சரித்திர நாவல், துப்பறியும் நாவல், குடும்பக் கதை மூன்றும் எனக்குப் பிடிக்கும். தெரிந்த பெயர்களையெல்லாம் படித்து முடித்தாகிவிட்டது. யாரைக் கேட்டாலும் அதே பத்துப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். கடைசியாக எடுத்த நான்கு நாவல்களும் முப்பது பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. பரீட்சைக்காகப் படிக்கவில்லை, சந்தோஷத்துக்காகத்தான் படிக்கிறேன். புதிய நாவல்களை எப்படிக் கண்டுபிடிப்பது?"

நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். இதே கேள்வியோடு வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் நான் கற்றுக்கொண்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரித்திரம், துப்பறிதல், குடும்பம் என்பதெல்லாம் அலமாரியில் ஒட்டிய சீட்டுகள். புத்தகத்தை அடுக்கி வைப்பவருக்கு அவை வேண்டும். உங்கள் ருசி எது என்பதை அவை சொல்லாது. ஒரு நாவலில் உங்களைப் பிடித்து வைத்தது எது என்று தெரிந்துவிட்டால், அடுத்த நாவல் எந்த அலமாரியில் இருந்தாலும் கைக்கு வந்துவிடும். அது தெரியாதவரை, அலமாரிச் சீட்டைப் பார்த்துப் பார்த்து எடுத்து முப்பதாவது பக்கத்தில் வைத்துவிடுவதுதான் நடக்கும்.

நான்சி பேர்ல் என்று ஒரு அமெரிக்க நூலகர். சியாட்டில் நகரத்தில் வேலை பார்த்தவர். வாசகர் ஒரு நாவலுக்குள் நுழைய நான்கு வாசல்கள் இருக்கின்றன என்பது அவர் கருத்து: கதை, மனிதர்கள், இடம், மொழி. ஒவ்வொருவருக்கும் இவற்றில் ஒன்று அகலமாகத் திறந்திருக்கும், மற்றவை கொஞ்சம் ஒருக்களித்திருக்கும். இதைக் கேள்விப்பட்ட பிறகு என் மேசைக்கு வந்தவர்களிடம் நான் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது. "என்ன மாதிரி நாவல் வேண்டும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "கடைசியாக ராத்திரி தூங்காமல் படித்த நாவல் எது? அதில் எந்த இடத்தில் விளக்கை அணைக்க மனசு வரவில்லை?" என்று கேட்க ஆரம்பித்தேன்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாவலையே எடுத்துக்கொள்வோம். பொன்னியின் செல்வன் பிடித்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக அதைப் படிப்பதில்லை. சிலருக்கு அதன் கதை ஓட்டம் பிடிக்கும். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் தொடராக வந்த நாவல் அது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் வரை வாசகரைக் காத்திருக்க வைக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு முடிச்சோடு நிற்கும். இந்த முடிச்சுதான் உங்களுக்குப் பிடித்தது என்றால், சோழர் காலத்தைப் பற்றிய இன்னொரு நாவலைத் தேடுவதில் பெரிய பலன் இல்லை. உங்களுக்குத் தேவை இன்னொரு நல்ல தொடர்கதை. அலெக்ஸாந்தர் துய்மாவின் மாண்டி கிறிஸ்டோ பிரபு கதை 1844-க்கும் 1846-க்கும் நடுவே ஒரு பிரெஞ்சு நாளிதழில் தொடராக வந்தது. சிறை, தப்பித்தல், புதையல், பழிவாங்கல் என்று அதே வேகத்தில் போகும். நாடு வேறு, நூற்றாண்டு வேறு, ஆனால் கதை சொல்லும் கை அதே இனத்தைச் சேர்ந்தது.

இன்னொருவர் வந்தியத்தேவனுக்காகப் படித்திருப்பார். அவனுடைய துடுக்குத்தனம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு வாயாலேயே வெளியே வருவது. இவருக்கு அடுத்த புத்தகம் சரித்திர அலமாரியில் இல்லாமலே போகலாம். சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவரும் வரும் கதைகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். வசந்தின் பேச்சு இவர்களுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். ஒரு வரலாற்று நாவல் ரசிகர் இப்படித்தான் துப்பறியும் கதைக்குள் போனார். அவரே ஆச்சரியப்பட்டார்.

மூன்றாவது ஆள் அந்தக் காலத்துக்காகப் படித்தவர். கோட்டை, ஓடம், சத்திரம், அந்தக் காலத்து ஊர்கள் எல்லாம் கண் முன்னால் வரவேண்டும் அவருக்கு. அவரிடம் சு. வெங்கடேசனின் காவல் கோட்டத்தைத் தைரியமாகக் கொடுக்கலாம். மதுரையின் சுமார் அறுநூறு ஆண்டுக் கதை, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். 2008-இல் வந்து, 2011-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆனால் முதல் ஆளிடம், முடிச்சுக்காகப் படிப்பவரிடம், இதைக் கொடுத்தால் முப்பதாவது பக்கத்தில் நின்றுவிடுவார். புத்தகத்தின் மேல் பழி இல்லை, அவர் மேலும் பழி இல்லை. இரண்டும் சரித்திர நாவல் என்ற ஒரே சீட்டின் கீழ் இருப்பதுதான் குழப்பம். நீங்கள் கைவிட்ட அந்த நான்கு நாவல்களும் இப்படிப்பட்ட பொருத்தமின்மையாகவே இருக்கும் என்பது என் ஊகம்.

நான்காவது வாசல், மொழி. இதைத் தங்கள் வாசல் என்று சொல்லிக்கொள்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு வாக்கியத்தைத் திரும்பப் படித்து ரசித்த ஞாபகம் உங்களுக்கு இருக்கிறதா? பக்கத்தில் இருப்பவரிடம் "இதைக் கேளேன்" என்று வாசித்துக் காட்டியிருக்கிறீர்களா? அப்படியென்றால் இதுவும் உங்கள் வாசல்தான். தி. ஜானகிராமனின் உரையாடலுக்காகவே அவர் நாவல்களைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கதை அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்பதற்காக மறுபடி படிப்பார்கள். கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமத்தையும் அப்படிப் படிப்பவர்கள் உண்டு, ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருக்கும் அதன் நடைக்காக.

இப்போது உங்களுக்கு ஒரு சின்ன வேலை. பிடித்த மூன்று நாவல்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு வரி, அதில் எது உங்களைப் பிடித்து வைத்தது என்று. "அருமையான நாவல்" என்று எழுதினால் உதவாது. "அந்த வீட்டில் யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்பது" என்று எழுதினால் உதவும். அப்புறம், எல்லோரும் புகழ்ந்தும் உங்களுக்குப் பிடிக்காமல் போன இரண்டு நாவல்களையும் எழுதி, ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். இந்தப் பின்பாதியைப் பலரும் விட்டுவிடுவார்கள். என் அனுபவத்தில் ஒருவருடைய ருசி பிடித்ததைவிடப் பிடிக்காததில்தான் தெளிவாகத் தெரியும்.

ஒரு அம்மா வாரம் இரண்டு துப்பறியும் நாவல் எடுத்துப் போவார். ஒரு கட்டத்தில் எங்களிடம் இருந்தது முழுக்கத் தீர்ந்துவிட்டது. உட்கார்ந்து பேசினோம். கொலைகாரன் யார் என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவாராம். "துப்பறிகிறவர் ஒரு சின்ன அடையாளத்தைப் பார்த்து மொத்தத்தையும் சொல்கிறாரே, அந்த இடத்துக்காகத்தான் படிக்கிறேன்" என்றார். தன் தொழிலில் தேர்ந்த ஒரு மனிதர் வேலை செய்வதைப் பார்ப்பதுதான் அவருக்கு ருசி. தாராசங்கர் பந்யோபாத்யாயின் ஆரோக்கிய நிகேதனத்தை எடுத்துக் கொடுத்தேன். வங்காள நாவல், தமிழில் த.நா. குமாரசாமி மொழிபெயர்த்தது. நாடியைப் பிடித்துப் பார்த்து மரணம் எப்போது வரும் என்று சொல்லக்கூடிய ஒரு வயதான வைத்தியரின் கதை. கொலை இல்லை, போலீஸ் இல்லை. ஆனால் ஒவ்வொரு நோயாளியின் மணிக்கட்டிலும் அவர் விரல் வைக்கும்போது அதே பரபரப்பு இருக்கும். அந்த அம்மா மூன்று நாளில் முடித்துவிட்டு வந்து, இதே மாதிரி இன்னொன்று கொடுங்கள் என்றார். துப்பறியும் அலமாரியில் நான் எத்தனை வருஷம் தேடியிருந்தாலும் இந்தப் புத்தகம் கிடைத்திருக்காது.

துப்பறியும் நாவலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சீட்டுக்குக் கீழேதான் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல வகைகள் இருக்கின்றன. புதிர் வகை ஒன்று. துப்புகளைக் கண்ணெதிரே வைத்துவிட்டு, முடிந்தால் கண்டுபிடி என்று சவால் விடும். அகதா கிறிஸ்டி எழுதிய 66 துப்பறியும் நாவல்களில் பெரும்பாலானவை இந்த இனம். எந்த வரிசையில் வேண்டுமானாலும் படிக்கலாம். இன்னொரு வகையில் புதிர் சின்னது, மனிதர்கள் பெரியவர்கள். ஜார்ஜ் சிமெனோனின் இன்ஸ்பெக்டர் மேக்ரே வரும் 75 நாவல்கள் அப்படி. எல்லாம் சின்னச் சின்னப் புத்தகங்கள், ஓரிரு மாலைகளில் முடியும். மேக்ரே தடயத்தைத் தேடுவதைவிட, கொல்லப்பட்டவர் எப்படி வாழ்ந்தார் என்று அந்த வீட்டில் உட்கார்ந்து யோசிப்பதுதான் அதிகம். குடும்பக் கதையும் உங்களுக்குப் பிடிக்கும் என்கிறீர்கள், அதனால் இவரை நீங்கள் கட்டாயம் முயன்று பார்க்கலாம்.

மூன்றாவது வகையில் போலீஸ் வேலையின் அன்றாடம்தான் கதை. காத்திருத்தல், கோப்புகள், தவறான தகவல்கள். ஸ்வீடனைச் சேர்ந்த மாய் ஷோவால், பெர் வாலூ இருவரும் சேர்ந்து 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள் எழுதினார்கள். பத்தும் சேர்ந்து ஒரே சமூகத்தின் கதையாக வளரும். இதை மட்டும் வரிசையாகப் படிப்பதே நல்லது. அப்புறம், யார் கொன்றது என்பதை ஆரம்பத்திலேயே காட்டிவிட்டு, அதை எப்படி மறைத்தார்கள் என்பதைப் புதிராக்கும் வகை. ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோ 2005-இல் வெளியிட்ட 'த டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' இதற்கு மிக நல்ல உதாரணம். கொலை முதலிலேயே நடந்துவிடும், பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் உதவிக்கு வருவார். எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கடைசி வரை போவோம்.

துரத்தலும் தப்பித்தலும்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால், துப்பறியும் அலமாரியை விட்டு வெளியே வாருங்கள். பூமணியின் வெக்கை, 1982. பதினைந்து வயதுப் பையன் ஒரு கொலையைச் செய்துவிட்டு ஓடுகிறான். அப்பாவும் அவனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் நாவல். இதை இலக்கியம் என்ற சீட்டின் கீழே வைத்திருப்பதால், விறுவிறுப்புக்காகப் படிப்பவர்கள் எத்தனையோ பேர் இதைத் தொடாமலே போயிருக்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

அறிவியல் புனைகதை பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் சுருக்கமாக. புதிரும் சரித்திரமும் பிடித்தவர்களுக்கு லியு சிசினின் 'த த்ரீ பாடி பிராப்ளம்' ஒத்துப்போகும். சீனக் கலாசாரப் புரட்சிக் காலத்தில் ஆரம்பித்து, ஒரு புதிரைத் தொடர்ந்தே விண்வெளிக்குப் போகும். 2015-இல் அதற்கு ஹ்யூகோ விருது கிடைத்தது. ஒரு மொழிபெயர்ப்பு நாவல் அந்த விருதை வாங்கியது அதுவே முதல் தடவை.

குடும்பக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நாவலின் மனநிலை. சந்தோஷத்துக்காகப் படிக்கிறேன் என்று நீங்கள் சொல்லும்போது, அழவைக்கும் புத்தகம் அதில் சேருமா சேராதா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நல்ல அழுகையும் சந்தோஷம்தான் என்பவர்கள் உண்டு. இமையத்தின் செல்லாத பணம் மிக வலுவான குடும்ப நாவல், 2020-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆனால் தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் மகளைச் சுற்றி நடக்கும் கதை அது. அசதியான நாளில் இளைப்பாற எடுக்கும் புத்தகம் இல்லை. சல்மாவின் இரண்டாம் ஜாமங்களின் கதை வேறு மாதிரி. ஒரு சமூகத்தின் பெண்கள் வீட்டுக்குள் தங்களுக்குள் பேசிக்கொள்வதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம், கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் உள்ளவர்களுக்கு. இப்படி, வாங்குவதற்கு முன்னால் புத்தகத்தின் மனநிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிவு என்ன என்று கேட்கத் தேவையில்லை. "படித்து முடித்ததும் எப்படி இருந்தது?" என்று கேட்டால் போதும்.

சரி, எங்கே தேடுவது?

எனக்கு மிகவும் நம்பிக்கையான இடம் மொழிபெயர்ப்புகள். அதே பத்துப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், ஒரே மொழியில் ஒரே தலைமுறை படித்ததையே எல்லோரும் சொல்வதுதான். பக்கத்து மொழிக்குள் ஒரு அடி வைத்தால் அந்த வட்டம் உடனே உடைந்துவிடும். தகழியின் செம்மீனைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி. ஒரு நல்ல எழுத்தாளர் இன்னொருவருடைய நாவலுக்காக மாதக்கணக்கில் உழைக்கிறார் என்றால், அந்த நாவலை அவர் எவ்வளவு நேசித்திருக்க வேண்டும்! அதைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது. அதனால் எழுத்தாளரைப் பின்தொடர்வது போலவே மொழிபெயர்ப்பாளரையும் பின்தொடருங்கள். ஒருவருடைய ஒரு மொழிபெயர்ப்பு பிடித்திருந்தால், அவர் கை வைத்த மற்ற நூல்களின் பட்டியலைத் தேடுங்கள். சர்வதேச புக்கர் பரிசு 2016 முதல் ஆண்டுதோறும் ஒரு மொழிபெயர்ப்பு நூலுக்குத் தரப்படுகிறது. பரிசுத் தொகையை ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் நியாயம்.

மொழிபெயர்ப்பை எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். முழு நூலா, சுருக்கமா என்று முதல் பக்கங்களில் போட்டிருக்கும். சுருக்கத்தைப் படித்துவிட்டு அந்த ஆசிரியரே பிடிக்கவில்லை என்று ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, நடுவில் ஏதாவது ஒரு உரையாடலை மனசுக்குள் வாசித்துப் பாருங்கள். மனிதர்கள் பேசுகிற மாதிரி இருந்தால் எடுக்கலாம். அந்த அரைப் பக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

விருதுப் பட்டியல்களை எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் பரிசு வாங்கிய பெயரோடு நின்றுவிடுகிறார்கள். குறும்பட்டியல் வரை, அதாவது கடைசிச் சுற்றுக்கு வந்த சில நூல்களின் பட்டியல் வரை போங்கள். பரிசு என்பது நடுவர்கள் பேசிப் பேசி வந்து சேரும் ஒரு சமரசம். குறும்பட்டியலில்தான் யாரோ ஒரு நடுவர் பிடிவாதமாக நேசித்த புத்தகம் இருக்கும். வகைக்கென்றே தனி விருதுகளும் உண்டு. அறிவியல் புனைகதைக்கு 1953 முதல் ஹ்யூகோ, துப்பறியும் கதைக்கு 1946 முதல் எட்கர். பத்து வருஷத்துக்கு முந்திய குறும்பட்டியலை எடுத்துப் பாருங்கள். விளம்பரச் சத்தமெல்லாம் அடங்கியிருக்கும், பத்து வருஷம் கழித்தும் யாராவது இன்னும் பேசுகிறார்களா என்பதும் தெரிந்துவிடும். சாகித்திய அகாதெமிப் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது நாவலுக்கான விருது அல்ல. 1955-இல் தமிழுக்கான முதல் விருதே ரா.பி. சேதுப்பிள்ளையின் கட்டுரை நூலான தமிழின்பத்துக்குத்தான் போனது. கவிதை, சிறுகதை, விமர்சனம் எல்லாம் கலந்திருக்கும், பார்த்து எடுக்க வேண்டும்.

இணையத்தில் நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் பரவசத்தில் இருப்பார், ஒரு நட்சத்திரம் கொடுத்தவர் கோபத்தில் இருப்பார். மூன்று கொடுத்தவர்தான் நிதானமாக, எது நன்றாக இருந்தது, எது இடித்தது என்று எழுதியிருப்பார். குறைகளைக் கவனமாகப் படியுங்கள். "பாதிப் புத்தகம் ஊரை வர்ணிப்பதிலேயே போய்விடுகிறது" என்று ஒருவர் அலுத்துக்கொண்டால், இடம் என்ற வாசல் வழியாக நுழைபவருக்கு அது அழைப்பிதழ். "கதாநாயகன் யாரையும் மதிப்பதில்லை, எப்போதும் கிண்டல்" என்பது வந்தியத்தேவன் ரசிகருக்கு நல்ல செய்தி. "இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்" என்று கடைகள் தானாகக் காட்டும் வரிசையை நான் பெரிதாக நம்புவதில்லை. எது அதிகம் விற்கிறதோ அது எல்லாவற்றுக்குப் பக்கத்திலும் வந்து நிற்கும். உங்கள் பத்துப் பெயர்களும் இப்படித்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

பட்டியலைவிட ஒரு ஆளைத் தேடுவது பலன் தரும். உங்களுக்குப் பிடித்த மூன்று நாவல்கள் பிடித்த ஒருவர் என்பது மட்டும் போதாது, அவை பலருக்கும் பிடித்தவையாக இருக்கலாம். எல்லோரும் கொண்டாடி உங்களுக்கு மட்டும் ஒட்டாமல் போன அந்த ஒரு நாவல், அது அவருக்கும் ஒட்டவில்லை என்றால் அவர்தான் உங்கள் ஆள். அவர் படித்ததை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி இரண்டு பேர் கிடைத்துவிட்டால் சில வருஷத்துக்குக் கவலை இல்லை. கேட்கும்போதும் முழுசாகக் கேளுங்கள். "நல்ல நாவல் ஒன்று சொல்லுங்கள்" என்றால் சொல்பவர் பாதுகாப்பான பெயரைத்தான் சொல்வார். "இந்த நாவலில் இந்த அம்சம் பிடித்தது, அந்த நாவலில் இது பிடிக்கவில்லை, முந்நூறு பக்கத்துக்குள் வேண்டும், சோகமாக முடிந்தால் பரவாயில்லை" என்று சொன்னால் அவருடைய மூளை வேறு விதமாக வேலை செய்யும். பலகாலமாக மறந்திருந்த ஒரு பெயர் வெளியே வரும்.

நூலகத்துக்குப் போகும் பழக்கம் இருந்தால், அடுக்கிய அலமாரிக்கு முன்னால் வாசகர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் இருக்கும் வண்டியைப் பாருங்கள். அதில் இருப்பவை எல்லாம் யாரோ விரும்பி எடுத்துப் போய் வந்தவை, இன்னும் வகை பிரிக்கப்படாதவை. அந்தக் கலவையே அலமாரிச் சீட்டிலிருந்து உங்களை விடுவிக்கும். பழைய புத்தகங்களில் தேதி முத்திரை குத்திய தாள் இருந்தால் அதையும் புரட்டுங்கள். இருபது முப்பது வருஷமாக விடாமல் யாராவது எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. இந்திய நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. எங்கள் தொழிலே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதனால் நூலகரிடம் போய்க் கேட்கத் தயங்க வேண்டாம். உங்கள் மூன்று வரித் தாளைக் காட்டுங்கள், அவருக்கு அது பிடித்த வேலையாக இருக்கும்.

பழைய நாவல்களை ஒதுக்கிவிடாதீர்கள். உங்களுக்குப் புதியது என்றால் அது புதிய நாவல்தான். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் அச்சானது. பாடப்புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டும் அதைத் தெரிந்து வைத்திருக்கிறோம். அதில் ஞானாம்பாள் ஆண் வேடம் போட்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கதைக்குள் கதை, வேடிக்கை, சாகசம் என்று நிறைய இருக்கிறது. உரிமைக் காலம் முடிந்த, நாட்டுடைமையாக்கப்பட்ட பல நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை மின்வடிவில் தருகிறது, கல்கியின் நாவல்கள் அதில் உண்டு. ஆங்கிலத்தில் படிப்பீர்கள் என்றால் 1971-இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் என்ற இலவச மின்நூலகத்தில் துய்மாவின் நாவல் ஆங்கில மொழிபெயர்ப்பில் முழுசாக இருக்கிறது.

தெரியாத எழுத்தாளரின் தடிமனான நாவலை எடுக்கப் பயமாக இருந்தால், முதலில் அவருடைய சிறுகதை ஒன்றைப் படித்துப் பாருங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இதில் முழுசாகப் பொருந்தாது, சிறுகதையில் மின்னுகிறவர் நாவலில் மூச்சு வாங்குவதும் உண்டு. ஆனால் நடை ஒத்துவருமா, மனிதர்களை எப்படிப் பார்க்கிறார் என்பது இருபது நிமிஷத்தில் தெரிந்துவிடும். தொடர் நாவல்களில் முதல் புத்தகத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்ற கட்டாயமும் பெரும்பாலும் இல்லை. ஆசிரியர் கை பழகிய பிறகு எழுதிய மூன்றாவதோ நான்காவதோ உங்களை இழுத்துக்கொண்டால், முதலாவதை அன்போடு பிறகு படிக்கலாம்.

கடைசியாக அந்த முப்பது பக்க விஷயம். நீங்கள் அதைத் தோல்வி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்கவே வேண்டாம். நான்சி பேர்ல் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஐம்பது வயது வரை, ஒரு நாவலுக்கு ஐம்பது பக்கம் கொடுங்கள். ஐம்பதைத் தாண்டிவிட்டால், நூறிலிருந்து உங்கள் வயதைக் கழித்து, மிச்சம் வரும் அத்தனை பக்கம் கொடுத்தால் போதும். எழுபது வயதுக்காரர் முப்பது பக்கத்தில் தாராளமாக மூடி வைக்கலாம். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-இல் வாசகரின் பத்து உரிமைகள் என்று எழுதினார். பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமையும், முடிக்காமல் விடும் உரிமையும் அதில் உண்டு. சந்தோஷத்துக்காகப் படிப்பவர் இந்த இரண்டையும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். பிடிக்காத புத்தகத்தைக் கடமைக்காக இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு மாதத்தில், பிடித்த இரண்டு புத்தகங்களைப் படித்திருக்கலாம்.

ஆனால் மூடி வைக்கும்போது ஏன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். புத்தகம் சரியில்லையா, நேரம் சரியில்லையா? இரண்டும் ஒன்றல்ல. ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணியை நான் முதலில் எடுத்தபோது உள்ளே போகவே முடியவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடான் நகரம் (இன்றைய இந்தோனேசியாவில் இருக்கிறது), தெருப் பெயர்கள், பல மொழிச் சொற்கள், ஒரே நெரிசலாக இருந்தது. நான்கு வருஷம் கழித்து, ஒரு நீண்ட ரயில் பயணத்தில் மறுபடி எடுத்தேன். அதே நெரிசல்தான் இந்தத் தடவை பிடித்தது. அந்தத் தெருவில் நானும் நிற்கிற மாதிரி இருந்தது. இன்று வரை நான் அதிகம் பேருக்குக் கொடுத்த தமிழ் நாவல் அதுதான். உங்களுடைய அந்த நான்கில் ஒன்று இப்படிக் காத்துக்கொண்டிருக்கலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் மூன்று ருசிகளை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், நான் உங்கள் கையில் கொடுப்பது இந்த வரிசையில்தான். முதலில் ஆரோக்கிய நிகேதனம். அதில் குடும்பம் இருக்கிறது, பழைய காலம் இருக்கிறது, துப்பறிதலுக்குச் சமமான ஒன்றும் இருக்கிறது. அடுத்து வெக்கை, சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் போகும். அதன் பிறகு மேக்ரே ஏதாவது ஒன்று. இந்த மூன்றில் எது எந்தப் பக்கத்தில் நின்றது என்று எழுதுங்கள். நின்ற இடத்தை வைத்துத்தான் நான்காவதைச் சொல்ல முடியும்.